அசாகுரா கேட்ட தொண்ணூறு நிமிடம்

முதலில் ரோஜா இதழ்கள் விழுந்தன.

லண்டன் சவுத்தாலில் சிவபாலன் அண்ணையின் பலசரக்குக் கடை. அரிசி மூட்டைகளுக்குப் பின்னால், பருப்புப் பெட்டிகளை அடுக்கி அதன் மேல் ஒரு மடிக்கணினி வைத்திருந்தோம். அதைச் சுற்றி ஐந்து பேர். திரையின் மேலிருந்து சிவப்பு இதழ்கள் மெல்ல மெல்ல இறங்கின. நடுவில் ஒரு இதயம் விரிந்தது. அதற்குள் அசாகுராவின் முகம். நாதஸ்வரம் தொடங்கியது. பொன்னிற எழுத்துகள் ஒவ்வொன்றாகச் சுழன்று வந்து நின்றன: 'ஜப்பான் சிங்கம்.'

படம் பிடித்த பாஸ்கரன் திரையைப் பார்க்கவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். லண்டனில் எங்கள் ஆட்களின் கலியாணம், பிறந்தநாள், பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடு எல்லாவற்றுக்கும் வீடியோ எடுப்பவர் அவர். பார்ப்பவர்களின் கண் எந்த இடத்தில் கலங்கும் என்று அவருக்குத் தெரியும்.

திரையில் பிரதம விருந்தினர் விளக்கேற்றினார். மாலைகள் விழுந்தன. இரண்டு அணிகளும் வரிசையாகக் கை கொடுத்தன. யாரோ ஒரு குழந்தை ஐஸ்கிரீம் தின்றது. பிறகு அசாகுரா அடித்த கோல், மெதுவோட்டத்தில் மூன்று தடவை. கடைசியில் கோப்பை, கைதட்டல், மறுபடியும் இதழ்கள். எல்லாம் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"மிச்சம்?" என்று அசாகுரா கேட்டார்.

"மிச்சம் என்னத்துக்கு? சும்மா ஓடித் திரியிறதுதானே. நல்லதெல்லாம் உதுக்குள்ள இருக்கு" என்றார் பாஸ்கரன்.

"வெட்டாத படம் எங்கே இருக்கிறது?"

"அழிச்சிட்டன். அடுத்த நாள் ஹரோவில சாமத்திய வீடு. மெமரி காட் வேணுமெல்லோ?"

எங்கள் அணித் தலைவர் குகன் தலையில் கைவைத்துக்கொண்டு ஒரு அரிசி மூட்டையில் உட்கார்ந்தார். அசாகுரா மூடிய மடிக்கணினியின் மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றார்.

அந்தக் கடையில் என்ன கெட்டுப்போனது என்று விளங்க, நான் சில மாதங்கள் பின்னால் போக வேண்டும்.

யாருமில்லாத புல்வெளி

திகதிகளில் நான் கறாரானவன் என்பது இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும். "ஆண்டையும் மாதத்தையும் கொஞ்சம் குறையுங்கோ, ஆக்களைக் கூட்டுங்கோ" என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லிவிட்டார். ஆகவே, ஒரு வசந்த காலம் என்று மட்டும் எழுதுகிறேன். என் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

வெஸ்ட் ஈலிங்கில் என் வீட்டுக்குக் கிட்ட ஒரு பூங்கா. கவுன்சில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு காலையில் அங்கே நடப்பது என் வழக்கம். உடைமாற்றும் கட்டடத்தின் செங்கற்சுவரில் ஒருவர் பந்தை உதைத்துக்கொண்டிருந்தார். பந்து திரும்பி வரும், திரும்ப உதைப்பார். அதில் புதினம் ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் பந்து காலுக்கு வருவதற்குள் அவர் இடத்தோளுக்கு மேலாக ஒருமுறை, வலத்தோளுக்கு மேலாக ஒருமுறை பின்னால் பார்த்தார். பின்னால் ஒருவருமில்லை. தூரத்தில் ஒரு நாய் மட்டும் நின்றது.

மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "யாரைப் பார்க்கிறீர்கள்?"

"பழக்கம். விட்டால் திரும்ப வராது" என்றார்.

அவர்தான் அசாகுரா. முப்பது வயதைத் தாண்டிய, நெஞ்சு அகன்ற, கட்டையான மனிதர். வலது முழங்காலில் நீளமான ஒரு தழும்பு. அவரோடு நாங்கள் பேசியதெல்லாம் உடைந்த ஆங்கிலத்தில். அவருடையதும் உடைந்தது, எங்களுடையதும் உடைந்தது, ஆனால் வெவ்வேறு இடங்களில். அதனால் இங்கே தமிழில் தருகிறேன்.

தன் கதையை அவர் துண்டு துண்டாகத்தான் சொன்னார். வீட்டுக்குப் போய் ஒவ்வொன்றையும் இணையத்தில் சரிபார்த்தேன். சில இடங்களில் இணையம் பிழை. ஓரிடத்தில் அவர் பிழை. அதைச் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை.

ஜப்பானின் வடக்கே, கடலோரத்தில் ஒரு ஊர். அரை வருடம் பனி கொட்டும். அந்த மாதங்களில் பாடசாலை அணி நடைகூடத்தில் ஓடிப் பழகுமாம். பள்ளி முடித்ததும் இரண்டாம் பிரிவுக் கழகம் ஒன்று அவரை எடுத்தது. நடுகளத்தில், பின்வரிசைக்கு முன்னால் நிற்கிற ஆள். எதிரியிடமிருந்து பந்தைப் பறித்துத் தன் பக்கத்து ஒருவரிடம் கொடுப்பதுதான் வேலை. கோல் அடிப்பவரின் படம் பத்திரிகையில் வரும். அதன் ஓரத்தில் இவரின் முழங்கை வரும்.

கழகம் முதற்பிரிவுக்கு ஏறியது. அந்தப் பருவத்தில் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். கழகம் மறுபடி இறங்கியபோது, "நான் ஏறவேயில்லை, என்னை ஏன் இறக்குகிறார்கள்" என்று வெளிநாடு புறப்பட்டார். முதலில் தாய்லாந்து. பிறகு போலந்தில் ஒரு சுரங்க ஊர். அவருடைய மிகச் சிறந்த ஆட்டங்கள் அங்கேதான். அந்த ஊர் இரசிகர்கள் அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்களாம், மொழிபெயர்க்கமாட்டேன் என்கிறார். அதன்பின் லத்வியா. அங்கே ஒரு மழை நாளில் முழங்காலின் தசைநார் அறுந்தது. கழகம் வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிட்டது.

அதே நாட்களில் அவர் மனைவி மியாகோவுக்கு லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. கண் நோய்களைப் பற்றி ஆராய்பவர். மனைவியின் விசாவில் தங்கி வாழ்பவராக அசாகுரா இங்கே வந்து சேர்ந்தார்.

ஒன்றைத் தவிர

குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் வரிசையில் நின்ற நம்மவர்களுக்கு விசாவில் எழுதியிருக்கும் சொற்களின் கனத்தை விளக்கத் தேவையில்லை. அசாகுராவுக்குக் கிடைத்த அனுமதி தாராளமானது. கடையில் நிற்கலாம், வாகனம் ஓட்டலாம், கணக்கு எழுதலாம். தொழில்முறையில் விளையாடுவதும் பயிற்றுவிப்பதும் மட்டும் கூடாது. பதினெட்டு வயதிலிருந்து செய்த ஒரே வேலை எதுவோ, அது கூடாது. பொழுதுபோக்காக, கூலியில்லாமல் பந்தடிக்கத் தடையில்லை என்று மியாகோவின் சட்டத்தரணி சொல்லியிருந்தார்.

இதைக் கேட்டபோது எனக்கு ஜெர்மனி ஞாபகம் வந்தது. லண்டனுக்கு வருமுன் அங்கே ஒரு சிற்றூரில் அகதி விடுதியில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஊர்க்கழகத்தின் ஆட்டம் பார்ப்பதுதான் பொழுது. பார்த்தவற்றையெல்லாம் எழுதியும் வைத்தேன். ஆனால் எங்களுக்கு மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதியில்லை. ஆகவே உள்ளூரில் நடந்த ஆட்டங்கள் மட்டுமே என்னிடம் உண்டு. வெளியூர் போய் அவர்கள் வென்றதும் தோற்றதும் விடுதிக்கு வரும் பால்காரர் எனக்குச் சொன்ன கதை. அந்தக் கழகத்தின் பாதி வரலாறுதான் என்னிடம் இருக்கிறது. இன்றைக்கும் அது உறுத்தும்.

அசாகுராவுக்கு ஒரு வேலை தேடிச் சிவபாலன் அண்ணையிடம் கூட்டிப்போனேன். இலங்கையில் நாங்கள் விட்டுவந்த ஊரின் பெயரில் இங்கே இயங்கும் ஊர்ச் சங்கத்தின் தலைவர் அவர். செயலாளர் நான். வாரத்தில் சில நாட்கள் சாமான் அடுக்கும் வேலை கொடுத்தார். மிளகாய்த்தூள் பைகளை அடுக்கும்போதும் அசாகுரா தோள்களுக்கு மேலாகப் பின்னால் பார்ப்பார்.

"உவன் ஏன் கள்ளன் மாதிரி முழிக்கிறான்?" என்று அண்ணை என்னிடம் கேட்டார்.

அப்போதுதான் ஜப்பானிலிருந்து அந்த அழைப்பு வந்தது. அவருடைய சொந்தப் பகுதியில், மூன்றாம் பிரிவில் ஒரு கழகம். அதன் புதிய பயிற்றுநர் ஒரு காலத்தில் அசாகுராவோடு ஒரே அறையில் தங்கியவர். நடுகளத்துக்கு அனுபவமுள்ள ஒருவர் தேவை. ஆனால் கழகத்தார் முழங்காலுக்குப் பயப்படுகிறார்கள். "ஒரு ஆட்டத்தை முழுவதும் படம் பிடித்து அனுப்பு. வெட்டி ஒட்டிய படம் வேண்டாம். வெட்டி ஒட்டினால் எல்லோருமே சூரர்தான். ஒரே கமரா, தொடக்கத்திலிருந்து முடிவு வரை. ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். ஆட்டக்காரர் சேர்க்கைக் காலம் முடியுமுன் வர வேண்டும்" என்றாராம் பயிற்றுநர்.

கேட்டது சின்ன விஷயம். கிடைப்பது கஷ்டம். கோடையில் இங்கே யாரும் உதைபந்து ஆடுவதில்லை. கவுன்சில் கோல் கம்பங்களையே கழற்றிக்கொண்டு போய்விடும். புல்வெளி கிரிக்கெட்காரரிடம் போய்விடும். இந்த நகரத்தில் கோடையில் பதினொரு பேரோடு பதினொரு பேர் மோதுகிற மடத்தனம் எங்கள் ஊர்ச் சங்கங்களிடம் மட்டும்தான் உண்டு.

வெளி ஆள்

எங்கள் ஊர்ச் சங்கங்களின் சுற்றுப்போட்டிக்கான யாப்பு, அதாவது விதிமுறை, கடுமையானது. ஊரில் பிறந்தவராக இருக்க வேண்டும், அல்லது பிறந்தவரின் பிள்ளையாக, அல்லது மருமகனாக. அணிக்கு ஒரேயொரு வெளி ஆளுக்கு இடமுண்டு. வழக்கத்தில் அது பாரிசிலிருந்து பஸ் ஏறி வரும் யாரோவொரு மச்சானாக இருக்கும்.

அசாகுரா எங்கள் சட்டையோடு மைதானத்தில் இறங்கியபோது எதிரணித் தலைவர் தவம் இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். கார் ரயர் கடை வைத்திருப்பவர். அவரது ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் மட்டும்தான்.

"உங்கட ஊர்க் கடற்கரை அவ்வளவு தூரம் நீளுமெண்டு தெரியாமப் போச்சு" என்றார்.

ஜப்பான்காரர் என்றால் பணிவாக, அமைதியாக இருப்பார் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். அசாகுரா சட்டையைப் பிடித்து இழுப்பார். மத்தியஸ்தரோடு வாக்குவாதப்படுவார். தன் பக்கத்து ஆட்களைத் திட்டுவதற்கென்றே கடையில் கொஞ்சம் தமிழ் பொறுக்கி வைத்திருந்தார். முதல் ஆட்டத்திலேயே குகனைப் பார்த்து, "ஏன் நடக்கிறாய்? கடைக்கா?" என்று கத்தினார்.

இறுதியாட்டம் பாதிக்கு அரை மணி நேரம். தவத்தின் அணியை வென்றோம். பல வருடங்களுக்குப் பிறகு கோப்பை எங்களிடம் வந்தது. அசாகுரா ஒரு கோலும் அடித்தார். அதற்குமேல் என்ன வேண்டும்? அந்த ஆட்டம் ஜப்பானுக்குப் போகிறது என்று கேள்விப்பட்ட பாஸ்கரன், எங்கள் பெயர் கெட்டுவிடக்கூடாதென்று இரவு பகலாக உட்கார்ந்து, தன்னிடமிருந்த எல்லா இதழ்களையும் கொட்டிவிட்டார். ஒரு சதமும் கேட்கவில்லை. அன்பினால் செய்தது. திட்டவும் முடியவில்லை.

கோப்பையை மேசையில் வை

மறுபடி கடைக்கு வருகிறேன். மூடிய மடிக்கணினி. பாஸ்கரனுக்கு அப்போதுதான் விஷயம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

"பாட்டு மாத்தலாம்" என்றார் தாழ்ந்த குரலில்.

அசாகுரா நிமிர்ந்தார். "இன்னொரு ஆட்டம் வேண்டும். இந்த முறை முழு ஆட்டம். தொண்ணூறு நிமிடம்."

"அசா, ஒரு மணித்தியாலத்துக்கே எங்களுக்குச் சீவன் போட்டுது" என்றார் குகன். தண்ணீர்க்குழாய் திருத்தும் வேலை செய்கிற, நாற்பதைத் தாண்டிய மனிதர். இரண்டு நாளாகப் படி இறங்க முடியாமல் பக்கவாட்டில் இறங்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு மணி நேரம் கேட்டேன். கிடைக்கவில்லை. இரண்டாம் முறை கேட்பதென்றால் குறைவாகக் கேட்கக் கூடாது."

அன்றைக்கே குகனும் நானும் தவத்தின் ரயர் கடைக்குப் போனோம். தவம் ஒரு காருக்குக் கீழே படுத்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே. நாங்கள் அந்தக் கால்களிடம்தான் முழுக் கதையையும் சொன்னோம்.

"வெண்ட ஆக்கள் திருப்பி விளையாடக் கேக்கிறதை இப்பதான் கேள்விப்படுறன்" என்றது குரல். "வாறம். ஆனா சும்மா வரமாட்டம். கோப்பையைக் கொண்டுவந்து மேசையில வையுங்கோ. வெல்லுறவன் கொண்டு போகட்டும்."

கோப்பை சிவபாலன் அண்ணையின் கல்லாவுக்குப் பக்கத்தில், மல்லிகை மாலையோடு, வாடிக்கையாளர் எல்லோரும் பார்க்கும்படி இருந்தது. செய்தியைச் சொன்னதும் அண்ணை அதன் மேல் கையைப் போட்டுக்கொண்டார்.

"கேட்டது வீடியோ. குடுக்கிறது கோப்பையோ? நல்ல நியாயம்."

"அண்ணை, அவனுக்கு இது கடைசிச் சான்ஸ்" என்றார் குகன்.

"எனக்கும் வயசு போகுதடா. இன்னொருக்கா இதைத் தொடுவனோ தெரியாது."

உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த அசாகுரா வெளியே வந்தார். பேச்சு எதைப் பற்றியது என்று அவருக்குக் கோப்பையின் மேலிருந்த கையைப் பார்த்தே விளங்கியிருக்கும்.

"நான் தோற்கமாட்டேன்" என்றார்.

"நீ தோக்கமாட்டாய், தெரியும்." அண்ணை எங்கள் பக்கம் கையைக் காட்டினார். "உவங்கள்?"

அசாகுரா எங்களைப் பார்த்தார். மறுத்துச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "இவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

அண்ணை மாலையைக் கழற்றி மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார். "மாலையோட தோக்கக் கூடாது" என்றார். அதுதான் சம்மதம்.

பந்தில்லாத பயிற்சி

அந்த வாரம் மாலைகளில் கடைக்குப் பின்னால், சாமான் ஏற்றும் வான்கள் நிற்கும் இடத்தில் பயிற்சி. எல்லோரும் வேலையிலிருந்து நேரே வந்தார்கள். சிலருக்குக் காலில் வேலைச் சப்பாத்து.

"பந்தெங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"பந்து ஞாயிற்றுக்கிழமை வரும்" என்றார் அசாகுரா.

வான்களுக்கு நடுவே ஆட்களை வரிசையாக நிற்கவைத்தார். இடக்கையை உயர்த்தினால் எல்லோரும் இடப்பக்கம் நகர வேண்டும். வலக்கைக்கு வலப்பக்கம். உள்ளங்கையைக் கீழே அழுத்தினால் பின்னால் வர வேண்டும். அவ்வளவுதான். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே இருக்கும் தூரம் மாறக் கூடாது. மறுபடி மறுபடி அதையே செய்தார்கள். தெருவில் போன ஒரு பஞ்சாபிப் பெரியவர் நின்று பார்த்துவிட்டு, "என்ன நடனம்?" என்று என்னிடம் கேட்டார்.

"உங்களால் ஓட முடியாது. அதை மாற்ற எனக்கு நேரமில்லை. ஆனால் சரியான இடத்தில் நிற்கலாம். நிற்பதற்கு மூச்சு தேவையில்லை" என்று அசாகுரா சொன்னார்.

அசையாத கமரா

ஞாயிற்றுக்கிழமை வெயில் கொளுத்தியது. வழக்கமாக நாங்கள் வாடகைக்கு எடுக்கும் ரக்பி மைதானம். சங்கத்தின் கோல் கம்பங்கள் அண்ணையின் வானில் வந்து இறங்கின. மத்தியஸ்தர் முரளி, கோயம்புத்தூர்க்காரர், வங்கியில் கணினி வேலை. இங்கே மத்தியஸ்தராகச் சான்றிதழும் பெற்றவர்.

"முழு நேரமாங்க?" என்று இரண்டு அணிகளையும் ஏற இறங்கப் பார்த்தார். "ஆம்புலன்சுக்குச் சொல்லி வெச்சிருக்கீங்களா?"

நடுக்கோட்டுக்கு நேரே ஒரு ஏணி. அதன் உச்சியில் பாஸ்கரன், முக்காலி, கமரா. பக்கத்தில் இன்னொரு ஏணியில் நான். அவர் கை கமராவில் படாமல் பார்ப்பது என் பொறுப்பு. முழு மைதானமும் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு, ஆட்டம் முடியும்வரை தொடக்கூடாது.

ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே அவர் நெளியத் தொடங்கினார்.

"அண்ணை, ஒருக்காக் கிட்டக் கொண்டுபோறன்."

"ஏலாது" என்றேன் நான்.

"ஆக்கள் எறும்பு மாதிரித் தெரியினம். முகமே இல்லை!"

"முகம் தேவையில்லை."

பாவம், மனிதர் கையிரண்டையும் தொடைக்குக் கீழே வைத்து அமர்ந்துகொண்டார்.

முதற்பாதியில் அசாகுரா நடுவில் பந்தைப் பறித்து, பார்க்காமலே குகனின் காலுக்கு அனுப்பினார். குகன் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார், கோல். தவத்தின் ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். திரும்பத் திரும்ப எங்கள் ஆட்கள் வழியில் நின்றார்கள். ஓடவில்லை. நின்றார்கள். இடைவேளையில் அண்ணை வழக்கம்போல பொரித்த ரோல்ஸ் தட்டோடு வர, அசாகுரா தட்டைக் கையில் வாங்கி, நேரே கொண்டுபோய்த் தவத்தின் அணிக்குக் கொடுத்தார். அவர்கள் சந்தோஷமாகத் தின்றார்கள்.

பல வருடங்களாக எங்கள் ஆட்டங்களை எழுதிவருகிறேன். கோல் யார் அடித்தார், எந்தப் பாதியில், மழையா வெயிலா, எல்லாம் இருக்கும். ஏணியின் மேலிருந்து அன்றுதான் ஆட்டத்தை முழுதாகப் பார்த்தேன். அசாகுராவின் கை உயரும். ஒரு முழு வரிசை, கயிறு கட்டி இழுத்த மாதிரி, நகரும். பந்து அங்கே வர இன்னும் நேரமிருக்கும். இதை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

கடைசி இருபது நிமிடத்தில் கால்கள் போய்விட்டன. இருவர் தசை பிடித்து விழுந்தார்கள். மாற்றுவதற்கு ஆளில்லை. அசாகுராவின் கை உயர்ந்தது. மூளைக்குப் புரிந்தது, காலுக்குப் புரியவில்லை. தவத்தின் அணி ஒன்றைப் போட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பிறகு மூன்றாவது.

கரையில் நின்ற அண்ணை திரும்பி நின்றுகொண்டார்.

ஒன்றுக்கு மூன்று. முடிய ஓரிரு நிமிடம். படம் எப்படியும் கிடைத்துவிட்டது. அசாகுரா நடந்திருக்கலாம். ஆனால் மூலைக்கொடிப் பக்கம் வெளியே போகிற ஒரு பந்துக்காக மைதானத்தைக் குறுக்கே ஓடி, தவத்தின் சட்டையைப் பிடித்து இழுத்தார், இருவருமாக உருண்டார்கள். எழும்பும்போது அசாகுரா வலது முழங்காலில்தான் ஊன்றி எழும்பினார். முரளி மஞ்சள் அட்டை காட்டினார். அசாகுரா அவர் முகத்துக்கு நேரே நின்று வாதாடினார்.

"சார், சட்டை இன்னும் உங்க கையிலதாங்க இருக்கு" என்றார் முரளி.

ஊதல் ஒலித்தது. பாஸ்கரன் நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டு ஏணியிலேயே குனிந்து உட்கார்ந்தார். "வாழ்க்கையில முதல் தடவையா ஒண்டுமே செய்யாமல் ஒரு படம் எடுத்திருக்கிறன்" என்றார். மெமரி காட்டை நான் அங்கேயே வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

அசாகுரா யாருக்கும் கை கொடுக்கவில்லை. புல்லில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அண்ணை கிட்டப் போனார்.

"தோற்கமாட்டேன் என்று சொன்னேன்" என்றார் அசாகுரா.

"சொன்னாய்தான்" என்றார் அண்ணை. "எழும்பு. ரோல்ஸும் இல்லை, அதையும் அவங்களுக்குக் குடுத்திட்டாய்."

ஓட முடியாதவர்கள்

சில நாட்கள் கழித்து அசாகுரா கைபேசியோடு கடைக்கு வந்தார். பயிற்றுநரின் பதிலை வரி வரியாக எங்களுக்கு மொழிபெயர்த்தார்.

"உன் முழங்காலைப் பார்க்கத்தான் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மறந்துவிட்டேன். உன்னோடு ஆடியவர்கள் யார்? யாராலும் ஓட முடியவில்லை. வயிறும் பெரிது. ஆனாலும் அவ்வளவு நேரம் வரிசை உடையவில்லை. என் பையன்கள் நாள் முழுவதும் ஓடுவார்கள். வரிசைதான் இல்லை. தோற்ற பிறகும் ஒரு பந்துக்காக ஓடினாயே, அப்போதுதான் முழங்கால் ஞாபகம் வந்தது. புறப்பட்டு வா. மருத்துவர் பார்க்கட்டும்."

குகன் அசாகுராவைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. அண்ணையின் முகம் மட்டும் சுருங்கியிருந்தது.

"பெரிய வயிறெண்டு ஆரைச் சொல்லுறான்?"

புறப்படும் வாரம் மியாகோவும் கடைக்கு வந்தார். அவருடைய ஆராய்ச்சி முடிய இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. அதுவரை அவர் இங்கே, இவர் அங்கே. "எனக்காக இவர் இங்கே மிளகாய்த்தூள் அடுக்கினார். இப்போது என் முறை" என்று சொல்லிவிட்டு, கறித்தூள் பைகளில் நல்லதைத் தேடி எடுத்தார். வழியனுப்பப் போகும்போது கொடுத்துவிடுவதற்காம்.

சனிக்கிழமை காலை

இலையுதிர் காலம் வந்தது. சனிக்கிழமைகளில், வெளியே இருட்டு விலகும் நேரத்தில், கடைச் சட்டரைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே கூடுவோம். ஜப்பானில் அது பிற்பகல். பருப்புப் பெட்டிகளின் மேல் அதே மடிக்கணினி, அதில் அசாகுராவின் கழகத்தின் ஆட்டம் நேரடியாக. இரண்டு வாரமாக அசாகுரா மாற்று ஆட்டக்காரர் இருக்கையில்தான் இருந்தார். கமரா அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் கைதட்டினோம்.

மூன்றாம் வாரம் தவமும் வந்தார், ஒரு கடைப்பையோடு. பைக்குள் கோப்பை. அதை அண்ணை பார்க்கும்படி மூட்டையின் மேல் வைத்தார்.

"சும்மா கொண்டு வந்தனான். தனிய விட்டிட்டு வர மனமில்லை."

"தேத்தண்ணி வேணுமெண்டா அதைக் கீழ வை" என்றார் அண்ணை.

இரண்டாம் பாதியின் நடுவில், அவருடைய கழகம் ஒரு கோலால் முன்னிற்கையில், மைதான ஓரத்தில் ஆள் மாற்றும் இலக்கப் பலகை உயர்ந்தது. அசாகுரா இறங்கினார். சின்ன மைதானம், அரைவாசி காலியான இருக்கைகள். பின்னணியில் மலை.

எதிரணி வலப்பக்கமாகப் பந்தைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தது. அசாகுரா இடத்தோளுக்கு மேலாக ஒருமுறை பார்த்தார். வலத்தோளுக்கு மேலாக ஒருமுறை. இந்த முறை பின்னால் ஆட்கள் இருந்தார்கள். அவருடைய பின்வரிசை, இருபது வயதுப் பையன்கள் நான்கு பேர்.

இடக்கையை உயர்த்தினார்.

அரிசி மூட்டைகளுக்கு நடுவே குகன் இடப்பக்கம் நகர்ந்தார். அவருக்குப் பக்கத்தில் நின்றவரும், அதற்கடுத்தவரும். தேநீர்க் கோப்பைகளோடு எல்லோரும் நகர்ந்தார்கள். ஒருநாளும் பந்தைத் தொடாத நானும் நகர்ந்தேன். கல்லாவில் நின்ற அண்ணையும் நகர்ந்தார். தவம் மட்டும் வலப்பக்கம் பாய்ந்து என் மேல் மோதினார். அவர் எதிரணி. பாஸ்கரன் அசையவேயில்லை, கைகள் இரண்டும் தொடைக்குக் கீழே.

திரையில், பந்து வந்து விழுந்த இடத்தில் ஒரு பையன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான்.